ஆளுக்கு ஆறு டின்

மாசாயில் புதிதாகத் திறந்திருக்கும் அந்தப் பெரிய மலிவுக் கடைக்கு இன்று நானும் போய்விட்டேன்.

டின் பால் அடுக்கியிருந்த இடத்தில் யார் நின்றார் தெரியுமா? எங்கள் தாமான் குடியிருப்பில் மளிகைக்கடை வைத்திருக்கும் செல்வம் அண்ணன்.

கையும் களவுமாகப் பிடிபட்டதுபோல் ஆகிவிட்டது எனக்கு. "சும்மா பாக்கத்தான் வந்தேன், அண்ணே," என்றேன்.

"நானும் சும்மாதாம்மா," என்றார். அவருடைய டிராலி நிறைந்திருந்தது.

பிறகு குரலைத் தாழ்த்தினார். "நமக்குச் சரக்கு போடுறவன் சொல்ற விலைய விட இங்க மலிவு லா. ஆனா ஆளுக்கு ஆறு டின்தான் குடுப்பாங்களாம். உங்க பேர்ல ஆறு எடுத்துக் குடுங்களேன், கடைக்கு."

அலமாக்! எப்படி மறுப்பது? அவர் கொடுத்த காசோடு வரிசையில் நின்று வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. நான் போனதே டின் பாலுக்குத்தான். என் பங்கு ஆறும் அண்ணன் கடைக்குப் போய்விட்டது.

சாயங்காலம் அவர் கடைக்கே போய் ஒரு டின் கேட்டேன். பெரிய கடையில் விற்றதைவிடக் கூடுதல் விலைதான் போட்டார். ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

"பெரிய கடை வந்தும் நீங்க நம்மள மறக்கல பாருங்க," என்று ஒரு பிடி கறிவேப்பிலையைச் சும்மா கொடுத்தார்.

நான் அவருக்கு வாடிக்கையாளரா, சரக்கு போடுகிறவளா? எனக்கே புரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சீக்கிரம் சொல்லுங்கள். கிளம்பும்போது அண்ணன் கேட்டார்: "உங்க வீட்ல மொத்தம் எத்தன பேரும்மா?"