கையால் பிடித்த பந்து

மந்தரீனோத் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மகன் போனில் ஏதோ ஆட்டம் பார்த்தான். ஒருவன் இன்னொருவன் தோளுக்கு மேலால் எழும்பி, முட்டை வடிவப் பந்தைக் கையால் ‘தப்’பென்று பிடித்தான்.

தோல் வாசமும் அந்தச் சத்தமும் என்னைச் சிறுவயதில் நின்ற சியாகுல்லி மைதானத்துக்குக் கொண்டுபோயின. இத்தாலியில், பலேர்மோத் தமிழரின் கால்பந்துப் போட்டி. அப்பா மெல்பேர்னில் படித்தபோது சம்பளமில்லாமல் ஒரு கழகத்துக்கு ‘ஃபுட்போல்’ ஆடியவர். அதில் இறங்கிய முதல் தமிழன் தானே என்பார். ‘ஃபுட்போல்’ என்றால் கால்பந்துதான் என்று நம்பி அணியில் சேர்த்திருந்தார்கள். பந்து உயர்ந்து வந்தது. மெல்பேர்னில் ஆடியது முட்டைப் பந்தைக் கையால் பிடிக்கும் ஆட்டம்; இது வேறு ஆட்டம் என்று அப்பாவுக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியவில்லை. எழும்பி, இரு கையாலும் அணைத்துப் பிடித்து, கைதட்டலுக்குக் காத்திருப்பவர்போல நின்றார்.

மைதானமே சிரித்தது. பழத்தோல்களை எறிந்தார்கள்.

“உன்ரை அப்பாவுக்குக் கால் இல்லையோ?” என்றான் பக்கத்தில் நின்ற பெடியன்.

“அது என்ரை அப்பா இல்லை” என்றேன். தண்ணீர் குடிக்க வந்த அப்பா பின்னால் நின்றார்.

இப்போது மகன் கேட்கிறான்: “அப்பா, கையாலை பிடிச்சதுக்கு ஏன் இவ்வளவு சனம் கைதட்டுது?”

நான் பழச்சுளையைப் பிரித்தேன். மூலைக் கதிரையிலிருந்த என் வயதான அப்பாதான் சொன்னார்:

“அங்கை அப்பிடிப் பிடிச்சாத்தான் தட்டுவினம், ராசா.”