பதினேழாம் தொட்டியின் மண்

எங்கள் தாவரவியல் துறையில் மண்ணை அவிப்பதற்கென்றே ஒருவர் இருக்கிறார். ஆய்வுக்கு வரும் மண்ணை அழுத்தக் கலத்தில் ஏற்றி, நீராவியில் வேகவைத்து, அதிலுள்ள உயிரனைத்தையும் ஒழித்துத் தருவது அவர் பணி. கலம் சீறுவதால் அவருக்குக் குக்கர் அக்கா என்று பெயர். விடுப்பில் சென்ற ஒருவருக்குப் பதிலாக இரண்டு வாரத்துக்கென்று வந்தவர். பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. அழுத்தமானியை அவர் பார்ப்பதே இல்லை. முதுகைக் காட்டிக் குடுவை கழுவிக்கொண்டிருப்பார். சீறலின் சுருதி மாறியதும் கை தானாக நீண்டு அடைப்பானைத் திருப்பும். இதை நாற்பது முறை கடிகாரம் வைத்துச் சரிபார்த்தேன். ஒருமுறைகூடப் பிசகவில்லை. அதற்கும் என்னிடம் ஒரு பதிவேடு உண்டு.

மொத்தம் எட்டுப் பதிவேடுகள். எதில் எது இருக்கிறது என்று சொல்ல ஒன்பதாவது ஒன்று.

மரவேர்களோடு கூடி வாழும் மண்பூஞ்சைகளைப் பற்றியது என் ஆய்வு. வேர் பூஞ்சைக்குச் சர்க்கரை தரும். பூஞ்சை வேருக்கு மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, இழுத்துத் தரும். தொலைவிலிருந்த ஒரு மலையுச்சி மரத்தடியிலிருந்து மண் கொண்டுவந்தேன். அக்கா அவித்துத் தந்த மண்ணை முப்பது தொட்டிகளில் நிரப்பி, மலைமண்ணைப் பிடிபிடியாகக் கலந்து, கன்று நட்டேன். ஓராண்டு கழித்துச் சலித்துப் பார்த்தபோது, பதினேழாம் தொட்டியில் மட்டும் தேன் நிறத்தில், மேலுறை சுருக்கம் விழுந்த பூஞ்சை வித்துகள் இருந்தன. எந்த நூலிலும் அப்படியொன்று இல்லை.

என் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர் அரைமணி நேரம் நுண்ணோக்கியைவிட்டு நகரவில்லை. "டேய், இது புதுசுடா" என்றார்.

அன்றே நான் இனப்பெயரை முடிவுசெய்துவிட்டேன். உச்சியில் வாழ்வது என்று பொருள்படும் இலத்தீன் சொல். உச்சிவரை ஏறியவன் யார் என்பது வாசகருக்குத் தானாகவே விளங்கும் என்பது என் கணக்கு.

ஆனால் கட்டுரையை அனுப்பிய ஆய்விதழிலிருந்து ஒரு நிபந்தனை வந்தது: அதே மரத்தின் வேரில் பூஞ்சையை மீண்டும் கண்டுகாட்ட வேண்டும். மூன்று முறை மலையேறினேன். கிடைக்கவில்லை.

"மாசக் கடைசிக்குள்ள கிடைக்கலன்னா கட்டுரைய மறந்துடு" என்றார் பேராசிரியர். "தொட்டியில மட்டும்தான் இருக்குன்னா எவன் நம்புவான்?"

கட்டுரை இல்லையென்றால் பட்டம் இல்லை. நான்காம் முறையும் ஏறி இறங்கி, முழங்கால் சிராய்ப்போடு கழுவுமிடத்தில் சல்லடை அலசிக்கொண்டிருந்தேன்.

"ஏன் தம்பி, அந்த மலைய இங்கயே கொண்டுவந்துடலாம்னு பாக்கறியா?" என்றார் அக்கா.

"பதினேழாம் தொட்டியில இருந்த பூஞ்சை அங்க கிடைக்கலக்கா."

"பதினேழா? நான் ஒடச்சேனே, அதுவா?"

சல்லடை கைநழுவியது. "ஒடச்சீங்களா?"

"தள்ளுவண்டி இடிச்சு ரெண்டாப் போச்சுப்பா. பாதி மண்ணு தண்ணியோட போயிடுச்சு. கன்னு வாடிடுமேன்னு வேற தொட்டியில வச்சு, அதே நம்பர ஒட்டி, பின்னாடி மரத்தடியிலேருந்து ரெண்டு கை மண்ணு அள்ளிப் போட்டேன். அன்னைக்கே வந்து சொன்னேனே!"

"எங்கிட்டயா?"

"உங்கிட்டதான். நீ தலைய நிமித்தாம எழுதிட்டிருந்த. 'சரிக்கா, குறிச்சுக்கறேன்'னு சொன்ன. குறிச்சுக்கவும் செஞ்ச."

ஒன்பதாவது பதிவேடு நான்காவதற்கு வழிகாட்டியது. அங்கே என் கையெழுத்தில், அளவுகோல் வைத்து அடிக்கோடிட்டு, நாளும் நேரமும் தவறாமல் இருந்தது: 'காலை 11.20. தொட்டி 17 பற்றி அக்கா ஏதோ சொல்கிறார். பிறகு கேட்க வேண்டும்.' ஓரத்தில் சிவப்பு மையில், நிலுவை.

கொதிகலன் அறைக்குப் பின்னால் நிற்கும் அந்த மரத்தடியில்தான் அக்கா நாள்தோறும் மதியம் சாப்பிட்டுக் கைகழுவுவார். தோண்டினோம். முதல் பிடி மண்ணிலேயே நாற்பத்தொரு வித்துகள். தேன் நிறம், சுருங்கிய மேலுறை. நுண்வேர்களுக்குள்ளும் பூஞ்சை குடியிருந்தது.

பேராசிரியர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "மலையேறினது ஒடம்புக்கு நல்லதுதான், விடு."

உச்சியில் வாழ்வது என்ற பெயரை அடித்தேன். கிடைத்த இடம் என்ற கட்டத்தில், 'கொதிகலன் அறையின் பின்சுவரிலிருந்து மூன்று மீட்டர்' என்று எழுதினேன். முதலில் சேகரித்தவர் என்ற கட்டத்துக்காக அக்காவிடம் பெயர் கேட்டேன்.

"எதுக்கு? தொட்டி ஒடச்சதுக்கு நோட்டீஸ் அனுப்பவா?"

"இல்லக்கா. அந்த மண்ண மொதல்ல எடுத்தது நீங்கதான். பூஞ்சை இருக்கறவரைக்கும் உங்க பேரும் இருக்கும்."

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நுண்ணோக்கியில் ஒரு கண்ணை வைத்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இதுக்கா இந்தப் பாடு? சரி, எழுதிக்கோ." பெயரை இரண்டு முறை நிறுத்திச் சொன்னார். நான் திருப்பிப் படித்துக் காட்டும்வரை நகரவில்லை.

"எடுத்த தேதி என்னக்கா?"

"அதான் நீ எழுதி வச்சிருக்கியே."

உண்மைதான். எட்டுப் பதிவேடுகளிலிருந்து அந்தக் கட்டுரைக்குப் பயன்பட்ட களக்குறிப்பு அது ஒன்றுதான். தேதியைப் பார்த்து எழுதிவிட்டு, நிலுவையை அடித்தேன்.