காகிதக் கால்சட்டை

1917இல் கம்பளி முழுவதும் போர்முனைக்குப் போய்விட, ஸிட்டாவ் நகர நெசவாலையில் காகித நூலில் துணி நெய்ய வழி கண்டவர் ஓஸ்வால்ட். அந்தப் பெருமையில் தன் ஒரே கம்பளிக் கால்சட்டையையும் அரசுக்குக் கொடுத்துவிட்டுக் காகிதத்துக்கு மாறினார். மாவட்ட அதிகாரி கையால் பதக்கம் என்று செய்தி வந்தது.

விழா நாள் காலையில் மனைவி ஹெட்விக் கரண்டியோடு வந்தாள். "ஏங்க, உங்க கால்சட்டைய வெந்நீர்ல போட்டேன். கஞ்சியாயிடுச்சு."

"வெந்நீர்ல யாராவது போடுவாங்களா?"

"எப்படி வேணா வெளுக்கலாம்னு கூட்டத்துக்குக் கூட்டம் பேசினது யாரு?"

"பேசினேன். வெளுத்துப் பாத்தேன்னு சொன்னேனா?"

வேறு வழியில்லாமல் அவளுடைய பாவாடையைக் கட்டிக்கொண்டு மேடையேறினார். பதக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரி முழங்கினார்: "நாட்டுப்பற்று உள்ளவங்க எல்லாரும் காகிதம் உடுத்தணும்."

அவர் உடம்பில் இருந்ததோ தடித்த கம்பளி. ஓஸ்வால்டுக்குப் பொறுக்கவில்லை. "நீங்க முதல்ல உடுத்துங்க, ஐயா. உடுத்திட்டு மழையில ஒரு நடை நடந்து காட்டுங்க."

பதக்கம் மறுபடி பெட்டிக்குள் போனது.

"பாவாடையக்கூட மன்னிச்சிருப்பாங்க" என்று கடைசிவரை சொல்லிச் சிரித்தார் ஓஸ்வால்ட். "பதக்கத்தக் கெடுத்தது என் வாய். அந்தக் காகிதக் கண்டுபிடிப்புல உருப்படியா உழைச்சதும் அது ஒண்ணுதான்."