திருத்தாமல் விட்ட பதினெட்டாவது வாள்

ஓர் எழுத்தைத் திருத்தாமல் விட்டேன். தெரிந்தே விட்டேன். அதனால் ஒரு மனிதர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. உங்களிடம் சொல்ல முடிவதற்குக் காரணம், நீங்கள் என்னை அறியாதவர் என்பதுதான். அறிந்திருந்தால் இந்த முதல் மூன்று வரிகளைக்கூட எழுதியிருக்கமாட்டேன்.

நான் மாயக்கதைகள் எழுதுகிறவள். பேசும் யாளிகள், நகரும் கோட்டைகள், இறக்கை முளைத்த இளவரசிகள்... மூன்று பாகங்களாக ஒரு நாவல். எந்தப் பதிப்பகமும் அதை ஏற்கவில்லை. நானே அச்சிட்டேன், நானே விற்றேன். விற்காதவை என் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன.

பிழைப்புக்கு வேறு வேலை. காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சேலைக் கடைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுக்கிறேன். பார்டருக்கு அன்னம், முந்திக்கு யாளி என்று நாள் முழுவதும் கட்டம் கட்டமாக நிரப்புவேன். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அதே கம்ப்யூட்டரில் என் நாவலைத் திறந்துகொள்வேன். பதினோரு ஆண்டுகள் இப்படித்தான் எழுதினேன்.

வீடு சின்ன காஞ்சிபுரத்தில். அப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தால், அப்பா முதலில் அதிலுள்ள ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையால் திருத்துவார். பிறகுதான் மாப்பிள்ளை யார் என்று பார்ப்பார். அந்தக் கண் எனக்கும் வந்துவிட்டது. பிழையைப் பார்த்தும் பாராததுபோல் போக என்னால் முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் தவறவிட்டிருக்கலாம் என்று என்மீது இரக்கப்பட்டுவிடாதீர்கள்!

என் புத்தகங்களை அச்சிட்டவர் மஸ்தான் பாய். வயது அறுபதை நெருங்குகிறது. கல்யாணப் பத்திரிகை, கோயில் உற்சவ நோட்டீஸ், கடைத் திறப்பு அழைப்பிதழ் ஆகியவைதான் அவருடைய அச்சகத்தின் அன்றாட வேலை. நாவல் என்று ஒன்றை எடுத்துக்கொண்டு முதன்முதலில் அவரிடம் போனவள் நான்தான்.

மற்றவர்கள் தட்டச்சு செய்வார்கள். பாய் படித்துக்கொண்டே தட்டச்சு செய்வார். முதல் பாகம் பாதி முடிந்திருந்தபோது என்னைப் போனில் கூப்பிட்டார்.

“ஏம்மா, அந்தக் கறுப்புக் குதிரை நாலாவது அத்தியாயத்துலயே செத்துப்போச்சே. ஒம்போதாவதுல அந்தப் பையன் எப்படிம்மா அதும்மேல ஏறி வந்துக்கினு இருக்கான்?”

ஆறு முறை திருத்தி எழுதிய கதை அது. நான் கொன்ற குதிரையை நானே மறந்திருந்தேன்! அவர் மட்டும் அதற்காக வருத்தப்பட்டு, நினைவில் வைத்திருந்தார்.

என் முதல் வாசகர் அவர். உண்மையைச் சொன்னால், முழுதாகப் படித்த ஒரே வாசகராகவும் இருக்கலாம்.

இரண்டாம் பாகம் அச்சேறிய பிறகு ஒருநாள், மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாள்கட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

“உன் கதைய அடிச்சி அடிச்சி எனக்கும் கை அரிச்சிடுச்சிம்மா. நானும் ஒண்ணு எழுதிட்டேன். சிரிக்காத.”

நான் சிரிக்கவில்லை.

“நான் எட்டாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். வீட்ல பேசுறது உருது. அடுத்தவங்க எழுதனதப் பாத்து அடிச்சா ஒரு தப்பு வராது. சொந்தமா எழுதுனா காதுல எப்படிக் கேக்குதோ அப்படியே கை போயிடுது. அந்த லகரம், ளகரம்... எனக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா. நீ ஒரு தடவ பாத்துக் குடுத்தீன்னா தைரியமா அச்சுக்குப் போடுவேன்.”

ஒருவர் தன் அச்சத்தை இதைவிட வெளிப்படையாகச் சொல்ல முடியுமா? எங்கே அடித்தால் வலிக்கும் என்று அவரே காட்டிக் கொடுத்தார். நான் தாள்கட்டை வாங்கிக்கொண்டேன்.

தாமல் ஏரிக்கு அடியில் ஒரு நகரம் இருக்கிறது என்பதுதான் கதை. ஏரி நிரம்பும் ஆண்டுகளில் மட்டும் அந்த நகரத்தின் காவலர்கள் விழித்தெழுவார்கள். அவர்களின் தலைவன் ஒரு பழைய சத்தியத்தால் கட்டுண்டவன். நாற்பது ஆண்டுகளாக வாளை உறையிலிருந்து எடுக்காதவன். அவனுக்கு ஒரு மகள்.

அன்றுவரை எனக்குத் தாமல் ஏரி என்றால் பேருந்து ஜன்னலில் கடந்துபோகும் நீர்ப்பரப்பு, அவ்வளவுதான். அந்தக் கதையைப் படித்த பிறகு அந்த வழியே போகும்போதெல்லாம் தண்ணீரின் ஓரத்தைப் பார்க்கத் தொடங்கினேன், யாராவது எழுந்து வருகிறார்களா என்று.

பிழைகள் நிறைய இருந்தன. பென்சிலால் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். ஆழம் ‘ஆலம்’ ஆகியிருந்தது. வாள் வந்த இடமெல்லாம் ‘வால்’. பதினேழு இடங்களில் வாலை வாளாக்கினேன். ஆமாம், எண்ணினேன்.

பிறகு அந்தப் பக்கம் வந்தது. இறந்த மகளைக் கரையில் கிடத்தியிருக்கிறார்கள். தலைவன் அவள் காலடியில் உட்கார்ந்து, அவள் செருப்பில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்து, ஜோடியாக வைக்கிறான். எழுந்து நிற்கிறான்...

நான் அழுதேன். ஒரு மாயக்கதை படித்து அதற்கு முன் எப்போது அழுதேன் என்று நினைவில்லை. பள்ளி நாளிலிருந்து நூலகத்தில் மந்திரவாதி வரும் புத்தகம் எதையும் விட்டுவைக்காதவள் நான். எது நல்ல எழுத்து என்று எனக்குத் தெரியும். என் இரண்டு பாகங்களில் அப்படியொரு பக்கம் இல்லை என்பதும் தெரியும். மூன்றாவதிலும் இருக்கப்போவதில்லை என்பது அந்த நிமிடம் தெரிந்தது.

அடுத்த வரியைப் படித்தேன்: “நாற்பது ஆண்டுகள் உறையில் உறங்கிய வாலை அவன் உருவினான்.”

பென்சில் அந்த எழுத்தின்மேல் போய் நின்றது. எவ்வளவு நேரம் நின்றது? சொல்லத் தெரியவில்லை. பிறகு நான் பக்கத்தைப் புரட்டினேன்.

கோபத்தில் செய்தேனா என்று நீங்கள் கேட்கலாம். கோபம் இல்லை. அடுத்த பக்கத்தில் ஓர் ஒற்றுப்பிழை இருந்தது. அதை ஒழுங்காகத் திருத்தினேன்.

புத்தகம் வந்தது. முதல் பக்கத்தில் ‘மெய்ப்புப் பார்த்து உதவியவர்’ என்று என் பெயரைப் போட்டிருந்தார். உறவினர்கள், பத்திரிகை அடிக்க வந்தவர்கள் எல்லோரும் வாங்கிப்போனார்கள். இணையத்தில் மாயக்கதை வாசகர்களுக்கென்று ஒரு குழு உண்டு. நானும் அதில் இருக்கிறேன். அங்கே இரண்டு பேர் பாயின் நாவலைப் பாராட்டி எழுதினார்கள். மூன்றாவதாக எழுதியவர் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டார். கூடவே ஒரு சித்திரம். கண்ணீரோடு நிற்கும் ஒரு வீரன், பின்னாலிருந்து தன் நீண்ட வாலை உருவிக்கொண்டிருக்கிறான்.

எத்தனை பேர் சிரித்தார்கள்! இரண்டே நாளில் அந்தப் படம் குழுவைத் தாண்டிப் போய்விட்டது. எங்கள் சேலைக் கடையிலேயே ஒருவர் என்னிடம் காட்டினார். நானும் சிரித்தேன்... சிரிக்காமல் இருந்தால் சந்தேகப்படுவார்களோ என்று.

குழுவில் ஒருவர் நேராகவே கேட்டார்: “மெய்ப்புப் பார்த்தவர் தூங்கிவிட்டாரா?” கீழே என் பெயரையும் குறித்திருந்தார்.

இப்போது இரண்டாவது குற்றத்துக்கு வருகிறேன். இதைச் சிறியது என்று நினைத்துவிடாதீர்கள். நான் பதில் எழுதினேன்: “நான் திருத்திக் கொடுத்திருந்தேன். அச்சகத்தில் திருத்தம் விடுபட்டிருக்கலாம்.”

‘விடுபட்டிருக்கலாம்’ என்று எவ்வளவு கவனமாக எழுதியிருக்கிறேன், பாருங்கள். அதில் ஒரு பிழையும் இல்லை.

பாயின் மகள் ரிஹானா நான்காம் நாள் போன் செய்தாள். “அப்பா சாப்பிடவே மாட்டேங்குறாருக்கா. கடைங்கள்ல குடுத்த புக்கெல்லாம் திருப்பி எடுத்துக்கினு வந்துட்டாரு. டீக்கடையில யாரோ ‘பாய், வால் எங்க’ன்னு கேட்டாங்களாம். நீங்க வந்து பேசுங்கக்கா, நீங்க சொன்னா கேப்பாரு.”

போனேன். புத்தகங்கள் கட்டுக்கட்டாகச் சுவரோரம் இருந்தன. பாய் ஒரு கல்யாணப் பத்திரிகையை மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“குரூப்புல நீ போட்டதப் பாத்தேன்மா,” என்றார். “சரியாத்தான் சொல்லியிருக்க. நீ திருத்திக் குடுத்தத கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது நான்தான் கோட்ட விட்டுட்டேன். உன் பேர வேற முன்னாடி போட்டு, உனக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன். மன்னிச்சிடும்மா.”

மன்னிப்புக் கேட்டவர் அவர்!

“அந்தப் புரூஃப் தாளு இருந்தாலாவது எந்த இடத்துல விட்டேன்னு பாக்கலாம். அச்சு முடிஞ்ச அன்னிக்கே எடைக்குப் போட்டுட்டேன்.”

அதைக் கேட்டதும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி. வேறு எதுவும் தோன்றியதாகப் பொய் சொல்லமாட்டேன். சாட்சி இல்லை என்று தெரிந்தவுடன் எனக்குத் தேநீர் குடிக்க வேண்டும்போல் இருந்தது. அவரே வாங்கி வந்து கொடுத்தார். குடித்தேன்.

“பரவால்ல பாய், ஒரு எழுத்துதானே. அடுத்த பதிப்புல மாத்திடலாம்,” என்றேன்.

“வேணாம்மா. படிக்காதவன் எழுதலாமான்னு அல்லா காட்டிட்டான். எனக்கு அடுத்தவங்க எழுதனத அடிக்கிறதுதான் சரி.”

இதற்கு நான் மறுப்புச் சொல்லியிருக்க வேண்டும். பாய், அந்தப் பக்கத்தில் நான் அழுதேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தேநீர் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

என் மூன்றாம் பாகத்தையும் அவரே அச்சிட்டார். இந்த முறை அவர் எதுவும் கேட்கவில்லை. எந்தக் குதிரை எங்கே செத்தது என்று சொல்லவில்லை. அடித்தார், கட்டினார், கொடுத்தார்.

ஒருமுறை சொல்ல முயன்றேன். போன ஆண்டு மழைக்காலம். அச்சகத்தில் நாங்கள் இருவர் மட்டும். தாமல் ஏரி நிரம்பிவிட்டதாக யாரோ சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். பாய் அதைக் காதில் வாங்காததுபோல் தாளை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னால் தாங்க முடியவில்லை.

“பாய், அந்த எழுத்து... அத நான் பாத்தேன்.”

அவர் நிமிரவில்லை. “பாத்திருப்பன்னு தெரியும்மா. நீ பாக்காம விடுவியா? நான்தானே ஏத்தாம விட்டேன்.”

இன்னும் ஒரே வாக்கியம் பாக்கி இருந்தது. ‘பார்த்துவிட்டுத்தான் விட்டேன்’ என்று சொன்னால் போதும். நாவலில் என் பாத்திரங்கள் பக்கம் பக்கமாக உண்மை பேசுவார்கள். எனக்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை.

அன்று புறப்படும்போது அவர் பீரோவைத் திறந்து இரண்டு நீள நோட்டுகளை எடுத்தார். அட்டைகளில் தூசி இருந்தது. கைக்குட்டையால் துடைத்தார்.

“ஏரிக் கதைக்கு ரெண்டாவது பாகம்மா. மொத புக்கு அச்சுல இருந்தப்போ எழுதனது. இங்க இருந்தா பாத்து பாத்து மனசு கஷ்டமா இருக்குது. தூக்கிப் போடவும் கை வரல. நீ வெச்சிக்க. எதனா உன் கதைக்கு ஒதவுச்சின்னா எடுத்துக்க. என் பேரெல்லாம் போடாத.”

வாங்கி வந்தேன். அதை மறுக்கும் தகுதிகூட எனக்கு இல்லை என்று அப்போது தோன்றியது. அல்லது அதுவும் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சாக்குதானா? தெரியவில்லை.

முதல் நோட்டில், மகளை இழந்த அந்தத் தலைவன் காவலை விட்டுவிட்டுக் கரையேறி வருகிறான். பாலாற்றை ஒட்டி நடந்து ஓரிக்கை வரை போகிறான். வழியில் யாரும் அவனை ஏன் என்று கேட்பதில்லை. இதற்கு மேல் கதையைச் சொல்லமாட்டேன். அது என் கதை அல்ல.

அதிலிருந்து ஒரு வரியையும் நான் எடுக்கவில்லை. இதை என் நேர்மைக்குச் சான்றாகச் சொல்லவில்லை. எடுத்து வைத்தால், சுற்றியிருக்கும் என் வரிகள் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

இப்போதும் வாரம் ஒருமுறையாவது அச்சகத்துக்குப் போகிறேன். எங்கள் கடையின் அழைப்பிதழ் வேலை இருக்கும், இல்லாவிட்டாலும் போவேன். பாய் கல்யாணப் பத்திரிகைகளை அடித்துக்கொண்டிருப்பார். நோட்டைப் பற்றி எட்டு மாதம் அவர் வாயைத் திறக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தவர், தொப்பியைக் கழற்றி மடித்தபடி, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்:

“அந்த நோட்டு... பாத்தியாம்மா? எப்படி இருக்குது?”

மூன்று முறை படித்திருக்கிறேன். மூன்றாம் முறை கையில் பென்சில்கூட எடுக்கவில்லை.

“இன்னும் பிரிக்கவே இல்ல பாய்,” என்றேன். “வேலை ஜாஸ்தி.”

அவர் தலையாட்டினார். “பரவால்லம்மா. அவசரம் ஒண்ணுமில்ல,” என்று சொல்லிவிட்டு, மெஷினைப் போட்டார்.