பின்சக்கரத்துக்கு ஒரு ஆள்

எங்கள் ரொட்டித் தொழிற்சாலை மேட்டின் உச்சியில் இருக்கிறது. கடைகள் எல்லாம் கீழே. காலையில் பாரத்தோடு இறங்கும்போது வேன் சொன்ன பேச்சைக் கேட்கும். காலித் தட்டுகளோடு திரும்பும்போதுதான் சனியன் பிடிக்கும். என்ஜின் முன்னால், வண்டியைத் தள்ளுகிற சக்கரம் பின்னால். அதன்மேல் பாரமே இல்லை. ரோடு நனைந்துவிட்டால் மூன்றாவது வளைவில் பின்சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றும். இருபது வருஷத்து வண்டி. டயர் என் மண்டை மாதிரி வழுக்கை. மாற்றச் சொல்லி, அதை ஓட்டுகிற நான் கத்தாத நாளில்லை.

முதலாளி டயரை மாற்றவில்லை. தன் மனைவியின் தம்பியைக் கொண்டுவந்து வேனுக்குள் உட்காரவைத்தார். ஆள் நூற்று முப்பது கிலோ. பின் அச்சுக்கு நேர் மேலே சாக்பீஸால் வட்டம் போட்டு, "இதுக்குள்ள உக்காரு, அசையக் கூடாது" என்றார். அதற்குத்தான் சம்பளம். எல்லாரும் அவனுக்கு எடைக்கல் என்று பெயர் வைத்தார்கள். அவனும் பல்லைக் காட்டிக்கொண்டு, "கல்லு ரெடி, வண்டிய எடுங்கண்ணே" என்பான். எட்டு வருஷத்தில் ஒரு நாள் லீவு போட்டதில்லை. படியேறினாலே மூச்சு வாங்குகிறவனை வேறு யார் வேலைக்கு வைப்பார்கள்? வீட்டில் மனைவி, படிக்கிற மகள்.

ஒரு நாள் வேனுக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னான். "முப்பது கிலோ குறைக்கலேன்னா ரெண்டு வருஷம் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாருண்ணே. குறைச்சா அத்தான் என்னை வேலைக்கு வச்சுக்குவாரா?"

"அட கிறுக்கா, உசுரு முக்கியமா, உன் அத்தான் முக்கியமா?"

சாப்பாட்டைப் பாதியாக்கினான். வேலை முடிந்ததும் மேட்டில் நடந்தான். ஆறு மாதத்தில் இருபத்தெட்டு கிலோ போயிற்று. எனக்கு அவனைவிடச் சந்தோஷம். ஆனால் முதல் மழையில் அதே மூன்றாவது வளைவில் சக்கரம் சுற்றி, ரப்பர் கருகி, வேன் பின்னாலேயே சறுக்கிச் சுவரில் போய் முட்டியது. அவன் வட்டத்துக்குள் உட்கார்ந்தபடியே அழுதான்.

"அத்தானுக்குத் தெரிஞ்சா நான் காலிண்ணே."

யோசனை சொன்னது நான்தான். நான்கு மைதா சாக்கில் மணலை நிரப்பி, வட்டத்துக்குள் அடுக்கி, சறுக்காமல் பக்கவாட்டுக் கொக்கிகளில் கயிறு கட்டினோம். மேலே போர்வையை விரித்து அவன் உட்கார்ந்துகொண்டான். அம்மாடி! வேன் முனகாமல் ஏறியது.

இரண்டு மாதம் கழித்து ஒரு மழைக் காலையில் முதலாளி வாசலில் நின்று நாங்கள் ஏறி வருவதைப் பார்த்தார். "என்னய்யா, மழையிலயும் ஜம்முன்னு ஏறுது! கெட்டிக்காரன்தான்" என்றார். அந்த மனுஷன் வாயிலிருந்து முதல் நல்ல வார்த்தை. எனக்குத் தலைகால் புரியவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா?

"நாலு மூட்டை மணல் போட்டிருக்கேன்ல முதலாளி! நம்ம ஐடியா!"

சொன்ன பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். முதலாளி வேனுக்குள் ஏறிப் போர்வையைத் தூக்கினார். மூட்டைகளைப் பார்த்தார். பிறகு அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"இளைச்சிட்ட போலிருக்கே மாப்ளே. நல்லது. நாளையிலேர்ந்து வீட்ல இருந்து உடம்பைப் பாத்துக்க."

"அத்தான், தட்டு அடுக்குறேன், மாவு பிசையுறேன். இப்பல்லாம் மூச்சு வாங்கல அத்தான்."

"அதுக்கெல்லாம் ஆள் இருக்கு. போறதுக்கு முன்னாடி அந்தக் கயித்தை இறுக்கிக் கட்டிட்டுப் போ. எங்க வைக்கணும்னு உனக்குத்தான் தெரியும்."

அந்த முட்டாள் அதையும் செய்தான். மண்டிபோட்டு ஒவ்வொரு மூட்டையையும் வட்டத்துக்குள் நகர்த்தி, முடிச்சுப் போட்டு, ஆட்டிப் பார்த்து, அப்புறம்தான் இறங்கினான். நான் பக்கத்தில் நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் குடும்பம் இருக்கிறதாம். தூ!

அவனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. தினமும் மேட்டில் நடக்கிறான். உடம்பு தேறிவிட்டதாக டாக்டர் பாராட்டினாராம். நேற்று தூறலில் மூன்றாவது வளைவில் நனைந்துகொண்டு வந்தான். ஏற்றிக்கொள்ளலாம் என்று வேகத்தைக் குறைத்தேன். அவன் பதறிப்போய் இரண்டு கையையும் ஆட்டினான்.

"நிறுத்தாதீங்கண்ணே! இங்க நிறுத்தினா வழுக்கும். போங்க, போங்க!"

நான் நிறுத்தவில்லை.