மடியில் படிந்த மண்

விஜயநகரில் எங்கள் வாசலில் மழைத்தண்ணீர் சிவப்பாக ஓடுகிறது. மேல்தெருவில் யாரோ அஸ்திவாரம் தோண்டிய மண். "சேத்தக் கழுவி விடுங்க" என்று மனைவி பைப்பை நீட்டுகிறாள். எனக்குக் குழாயைத் திறக்க மனம் வரவில்லை.

சொந்த ஊரான கௌதள்ளிக்கு மேலே மலைச்சரிவில் எங்கள் ராகிக்காடு. அதற்கும் மேலே சித்தப்பாவின் காடு. நான் சிறுவனாக இருந்தபோது ஒரு வருஷம், டிராக்டருக்கு வசதியென்று அவர் மேலிருந்து கீழாகவே உழுதுவிட்டார். மழை பிடித்ததும் ஒவ்வொரு சாலும் வாய்க்காலாகி, செந்தண்ணீர் எங்கள் கல்வரப்பில் வந்து மோதியது. ஒரு கல் பிதுங்கி விழுந்தது. அப்பா வேறு கல் தேடி ஓடினார். அம்மா அந்த ஓட்டையை முதுகால் அடைத்து உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் அவள் மார்புவரை ஏறியது.

சித்தப்பா மம்முட்டியோடு ஓடிவந்தார். "எந்திரிங்க அண்ணி! வரப்பு சரிஞ்சா உங்களையும் இழுத்துட்டுப் போயிரும்!"

அம்மா அசையவில்லை. "போறது உங்க காட்டு மண்ணுங்க தம்பி. வந்து உக்காருங்க."

மம்முட்டியை எறிந்துவிட்டு அவரும் பக்கத்தில் முதுகு கொடுத்தார். மழை விட்டபோது வரப்பு நின்றிருந்தது. இருவர் மடியிலும் மண் கனத்திருந்தது. மறுநாளிலிருந்து சித்தப்பா வரப்பில் தேங்கிய மண்ணைக் கூடை கூடையாக மேலே தன் காட்டுக்குச் சுமந்தார்.

பைப்பைக் கீழே வைக்கிறேன். "நம்ம வீட்டுல கூடை இருக்கா?"