விபூதி போட்டு விளக்கிய ரூபாய்

இன்றைக்குக் கைபேசியிலேயே பாடம் எடுத்து வீடியோ போட்டுவிடுகிறார்கள். அறுபதுகளில் போர்ட் பிளேரில் எங்களிடம் இருந்தது ஒரு கேமராவும் சில படச்சுருள்களும்தான். ஒவ்வொரு காட்சியாகப் பிடித்து, சுருளைக் கப்பலில் மெட்ராசுக்கு அனுப்ப வேண்டும். அது கழுவி வந்த பிறகு வகுப்பறைச் சுவரில் போட்டுக் காட்டி, பக்கத்தில் நின்று நான் கதை சொல்ல வேண்டும். நயா பைசாவை மட்டுமே பார்த்த பிள்ளைகளுக்கு அணா என்றால் விளங்கவில்லை. அதனால் நாணயங்களின் வரலாற்றைப் படமாக்கும் வேலையைச் சரித்திர வாத்தியாரான என் தலையில் கட்டினார்கள். உண்மையைச் சொன்னால், நானாகப் போய்த்தான் தலையைக் கொடுத்தேன்.

பழைய காசு தேடி அலைந்தேன். பஜாரில் துணிக்கடை வைத்திருந்த பாய் ஒரு டப்பாவையே கொடுத்துவிட்டார்.

“பழைய சிக்கா எல்லாம் இதுல இருக்கு சார். ஜல்தி ஒண்ணும் இல்ல, மெதுவா குடுங்க.”

ஓட்டைக் காலணா இருந்தது, செப்புத் தம்பிடி இருந்தது. ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய் மட்டும் இல்லை. அதையெல்லாம் எப்போதோ உருக்கிக் கொலுசு பண்ணிவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது. ஆறு வயது மகளுக்குக் காய்ச்சல் கண்டதும், என் மனைவி அதை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தடியில் வைத்திருந்தாள். பிள்ளை எழுந்துவிட்டால் கப்பலேறிப் போய் மாரியம்மன் உண்டியலில் போடுவதாக வேண்டுதல். அப்படி முடிந்த காசைக் கோயில் போய்ச் சேரும்வரை அவிழ்க்கக் கூடாது. எனக்குத் தெரியாதா? தெரியும்.

காய்ச்சல் முற்றி மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மனைவி அவளோடு இருந்தாள். மாற்றுத்துணி எடுக்க டெய்ரி ஃபார்ம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்த நான் அந்த முடிச்சைப் பார்த்தேன். மறுநாள் கப்பல். விட்டால் அடுத்த கப்பல் எப்போதென்று யாருக்கும் தெரியாது. அரை மணி நேரம்தானே, திரும்ப முடிந்து வைத்தால் போயிற்று என்று நினைத்தேன். படித்தவன் அல்லவா!

காசு முழுக்க மஞ்சள் ஏறி ராஜாவின் முகமே தெரியவில்லை. வெள்ளிச் சாமானை விளக்குவதுபோல விபூதி போட்டுத் தேய்த்தேன். விபூதியும் அதே சாமி படத்தடியில் இருந்ததுதான். காசு பளிச்சென்று ஆனது. ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்துவிட்டு, பழையபடி முடிந்து வைத்தேன்.

கப்பல் போன நான்காம் நாள் மகள் போய்விட்டாள்.

வீட்டில் கிடத்தியதும், நெற்றியில் வைக்க ஒரு காசு வேண்டும் என்றார்கள். சட்டைப் பையில் நான் துழாவிக்கொண்டிருந்தபோதே என் மனைவி எழுந்துபோய் அந்த முடிச்சை எடுத்து வந்து அவிழ்த்தாள். துணி மஞ்சளாக இருந்தது, காசு வெள்ளையாக இருந்தது.

“யாருங்க இத வெளக்குனது?”

“நான்தான். படம் எடுக்க.”

காசை மகளின் நெற்றியில் வைத்து அழுத்தினாள். அதோடுதான் புதைத்தோம்.

மூளைக் காய்ச்சல், முதல் நாளே கை மீறிவிட்டது என்று டாக்டர் சொன்னார். நான் முடிச்சை அவிழ்ப்பதற்கு முன்பே அவர் உதட்டைப் பிதுக்கியிருந்தார். அறிவுக்கு இது தெரியும். தெரிந்து என்ன பயன்?

சில மாதங்களில் சுருள் வந்தது. போர்ட் பிளேர் பள்ளிகளில் காட்டினேன், நடு அந்தமானில் இருக்கும் ரங்கத்துக்கும் எடுத்துப் போனேன். அந்த ரூபாய் தாம்பாளம் அளவுக்குச் சுவரில் வரும்போது பிள்ளைகள் “ஓ” என்பார்கள். நான் சுவரைப் பார்க்காமல் அடுத்த படத்துக்குப் போய்விடுவேன்.

ரங்கத்திலிருந்து திரும்பிய அன்று, சோறு போட்டுக்கொண்டே மனைவி கேட்டாள்.

“அந்த ரூபா படத்துல இருக்கா?”

“இருக்கு.”

“பளிச்சுனு தெரியுதா?”

“தெரியுது.”

“அதுக்குத்தானே எடுத்தீங்க” என்றாள். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பிசைந்த சோற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். அவள் ரசம் ஊற்றினாள்.